அரைக் கதை வழக்குக்கு உதவாது

யாழ்ப்பாணத்து வாசிகசாலைகளிலே பத்திரிகைகளை மடித்து வைத்தபின் தொடங்கும் பேச்சுக்குத் தனிச் சுவை உண்டு. "சேர் பொன். இராமநாதனின் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே அதை இழுத்துச் சென்றார்கள்" என்று ஒருவர் எடுத்துக் கொடுப்பார். "கூட்டாட்சி வேண்டுமென்று யாழ்ப்பாணத்துக்கு வந்து பேசியவரே பண்டாரநாயக்காதான்" என்று மற்றொருவர் தொடுப்பார். இளைஞர் வியப்பர், முதியோர் தலையசைப்பர், அத்துடன் சபை கலையும்.

இக்கதைகள் பொய்யல்ல. ஆயினும் சபை கலையும் இடத்தில் கதை முடிவதில்லை. கேட்டவர் மகிழ்ந்து எழுந்து போனபின், கதையின் மற்றப் பாதி கேட்பாரற்றுக் கிடக்கிறது. அந்த மற்றப் பாதியைப் பற்றியே இன்று எழுதப் புகுகின்றோம்.

நீதிமன்றத்திலே பொய்ச் சாட்சியைக் காட்டிலும் அரைச் சாட்சியே வழக்காளிக்குப் பெருங்கேடு செய்வதை நாம் பல்லாண்டுகளாகக் கண்டு வருகின்றோம். முழுப்பொய் சொல்பவனைக் கூண்டில் ஏற்ற அவனுடைய வழக்கறிஞரே அஞ்சுவார். அரை உண்மை சொல்பவனோ முதல் விசாரணையில் முழங்குவான். குறுக்கு விசாரணையில் மறைத்த பாதி வெளிவந்ததும், அவன் சொன்ன மெய்ப் பாதியையும் நீதிபதி நம்பமாட்டார். ஒரு பரப்புக் காணி வழக்குக்கே இது பொருந்துமாயின், ஓர் இனத்தின் உரிமை வழக்குக்கு எத்துணை பொருந்தும்! ஈழத் தமிழர் தம் வரலாற்றைச் சான்றாக முன்வைத்தே உரிமை கேட்கின்றனர். அந்தச் சான்றைப் பகைவர் குறுக்கு விசாரணை செய்யுமுன், நாமே செய்துவிடுதல் நலம் அன்றோ?

முதலிலே அந்த வண்டியை எடுத்துக்கொள்வோம்.

1911-ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபையில் படித்த இலங்கையருக்கென ஒரேயோர் ஆசனம் ஏற்படுத்தப்பட்டபோது, அதற்கு நடந்த தேர்தலில் டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்றவர் இராமநாதன். சிங்கள வாக்காளர் பலரும் தமிழரான அவருக்கே வாக்களித்தனர். 1915 மே மாத இறுதியில் கண்டியிலே சிங்களருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தது. டி. எஸ். சேனநாயக்கா முதலான தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வேளையில் சபையிலே எழுந்து அரசாங்கத்தின் கொடுமையைக் கண்டித்தவர் இராமநாதன். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலே கடல் கடந்து இலண்டனுக்குச் சென்று நீதி கேட்டவரும் அவரே. அவர் திரும்பி வந்தபோதுதான் கொழும்பிலே அந்த வண்டி இழுக்கப்பட்டது. இவையெல்லாம் நடந்தவை; பெருமைக்கு உரியவை.

ஆனால் அந்தக் கலவரத்தில் கடை சூறையாடப்பட்டவன் யார்? எவருடைய பள்ளிவாசல் உடைக்கப்பட்டது? எவருடைய உறவினர் மாண்டனர்? முஸ்லிம்களே அன்றோ! வண்டி சென்ற வழியில் நின்று பார்த்த ஒரு முஸ்லிம் வணிகனுடைய மனநிலை என்னவாக இருந்திருக்கும் என்று நம்மவர் கேட்பதில்லை. அரசாங்கத்தின் கொடுமையைக் கண்டிப்பது நீதியே. ஆனால் அந்த நீதியில் தங்கள் துயருக்கு இடமில்லை என்று முஸ்லிம்கள் கருதினர். அதற்கு முன்பே, 1885-இல் சபையிலும் 1888-இல் ஆசியச் சங்கத்திலும், சோனகர் இனவழியால் தமிழரே என்று இராமநாதன் வாதிட்டிருந்தார். 1907-இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து எழுதினார். சோனகருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் தேவையா என்பதே அவ்வாதத்தின் அடியில் கிடந்த கேள்வி. வண்டிக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் இதனையும் சேர்த்துச் சொல்லி வந்திருந்தால், ஒரே மொழி பேசும் இரு மக்களுக்கிடையே வளர்ந்த ஐயத்தின் வேரை நம் பிள்ளைகள் அறிந்திருப்பர். அந்த ஐயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு, 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வீடுகள் சாட்சி கூறும்.

இனி, இரண்டாவது கதை. ஒக்ஸ்போர்டில் கற்றுத் திரும்பிய எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா, 1926-ஆம் ஆண்டிலே, தம் இருபத்தேழாம் வயதில், கூட்டாட்சியே இலங்கைக்கு ஏற்றது என்று பத்திரிகையில் தொடர் கட்டுரைகள் எழுதினார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்தும் அதனையே பேசினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1956-இல், தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. அடுத்த ஆண்டு ஜூலை 26-இல் தந்தை செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தவரும், 1958 ஏப்ரலில் அதனைக் கைவிட்டவரும் அவரே. மேடையிலே இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். "பார்த்தீர்களா, எங்கள் கோரிக்கையை எங்களுக்கு முன் கேட்டவரே அதைக் குழிதோண்டிப் புதைத்தார்" என்று முடிக்கலாம்.

மற்றப் பாதி என்ன? 1926-இல் அவர் விதைத்ததை யாழ்ப்பாணம் எடுத்து நடவில்லை. அடுத்த ஆண்டு டொனமூர் ஆணைக்குழுவின் முன் கூட்டாட்சி கேட்டுச் சென்றவர்கள் கண்டிச் சிங்களவர். தமிழ்த் தலைவர்கள் அல்லர். தமிழரின் அரசியல் அப்போது சபை ஆசனங்களின் கணக்கிலே மூழ்கிக் கிடந்தது. பின்னர் வந்த ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையும் கொழும்புச் சபையில் பங்கு கேட்டதேயன்றி, நம் மண்ணில் ஆட்சி கேட்டதன்று. கூட்டாட்சியைத் தன் கொள்கையாக வைத்து ஒரு தமிழ்க் கட்சி பிறக்க 1949 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள்! சிங்களத் தலைவர் ஒருவரும் கண்டிச் சிங்களவரும் அக்கொள்கையை வாயால் உச்சரித்த காலத்திலே நம் முன்னோர் கையை நீட்டவில்லை. கையை நீட்டியபோது எதிரே கை இல்லை. பண்டாரநாயக்காவைப் பழிப்பதற்கு மட்டும் இக்கதையைப் பயன்படுத்துவோர், காலந்தாழ்த்துவதால் வரும் இழப்பு எத்தகையது என்ற பாடத்தை இழந்துவிடுகின்றனர்.

மூன்றாவது கதை யாழ்ப்பாணத்து வீரக் கதை. 1924-இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்ற இயக்கத்தை அறியாதார் யார்? ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் நடத்திய அவ்வியக்கமே 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தது. டொனமூர்த் திட்டம் முழுச் சுதந்திரம் தரவில்லை என்பதற்காக 1931-ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி அது அறைகூவியது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்னும் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுச் செய்யவில்லை. தென்னிலங்கைத் தலைவர்களுக்கு முன்னே விடுதலை முழக்கஞ் செய்தது யாழ்ப்பாணம்! இந்நாட்டு அரசியலில் இதற்கு ஒப்பான துணிவு அரிது. நாமும் போற்றுகின்றோம்.

ஆயின் அந்தத் தேர்தல் எத்தகைய தேர்தல் என்பதையும் எண்ணுக. அதற்கு முன்பு இலங்கை மக்களுள் நூற்றுக்கு நால்வர் அளவினரே வாக்குரிமை பெற்றிருந்தனர். 1931-இலோ சொத்தில்லாதவன், எழுத்தறியாதவன், கூலிக்கு உழைப்பவன், தாழ்த்தப்பட்டவன், பெண் ஆகிய அனைவருக்கும் இருபத்தொரு வயதில் வாக்குக் கிடைத்தது. ஆசியாவிலே அது முதல் நாடு. இராமநாதன் போன்ற பெரியோர் அந்தச் சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தனர் என்பதும் வண்டிக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படாத செய்தியே. வாலிபர் காங்கிரஸார் அவ்வாறு எதிர்த்தவர் அல்லர். அவர்கள் சாதியொழிப்பைப் பேசியவர். சமபந்தி போசனம் நடத்தியவர். அப்படியிருந்தும், அவர்கள் நடத்திய பகிஷ்காரத்தால், அந்த நான்கு தொகுதிகளிலும் வாழ்ந்த ஏழைக்கும் பெண்ணுக்கும் தாழ்த்தப்பட்டவனுக்கும் கிடைத்த முதல் வாக்கு மூன்று ஆண்டுகள் பெட்டியைக் காணாமலே கிடந்தது. 1934-இல் இடைத்தேர்தல் நடந்து, ஜி. ஜி. பொன்னம்பலம், அ. மகாதேவா முதலியோர் அரசாங்க சபைக்குச் செல்லும்வரை யாழ்ப்பாணத்துக்கு அங்கே குரலே இல்லை. தென்னிலங்கையும் தம்மைப் பின்பற்றும் என்று அவ்விளைஞர்கள் எதிர்பார்த்தனர்; பின்பற்றவில்லை. அவர்களின் நோக்கம் தூயது. ஆனால் தூய நோக்கத்தின் விலையை யார் செலுத்தினர் என்று கேட்பதும் அரசியல் அறமே.

இன்னும் பின்னே செல்வோம். தேசவழமை எங்கள் முதுசம் என்று நாம் பெருமை பேசுகின்றோம். காணிக்கும் சீதனத்துக்கும் அதுவே யாழ்ப்பாணத் தமிழரின் சட்டம். அதனை எழுதி வைத்தவர் யார் என்று கேட்டால் பலர் திகைப்பர். முப்பத்தேழு ஆண்டுகள் யாழ்ப்பாணத்திலே வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்தத் திசாவையே அதனைத் தொகுத்தவர். தேசாதிபதி சைமன்ஸின் கட்டளைப்படி அவர் தொகுத்தது 1707-இல் நிறைவெய்திற்று. தமிழாக்கப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரண்டு தமிழ் முதலிமார் பார்வையிட்டுச் சரியென ஏற்றனர். 1806-இல் ஆங்கில அரசாங்கம் அதனைச் சட்டமாக்கிற்று. வரலாற்று நூலின் கதையும் இதுவே. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை, மேக்கறூன் என்ற ஒல்லாந்த அதிகாரி கேட்டதன்பேரில் எழுந்தது என்பது அந்நூலின் மரபு. நம் வழமையைக் கேட்டவன் அந்நியன்; நம் வரலாற்றைக் கேட்டவனும் அந்நியன்! அவன் கேளாதிருந்தால் நாம் எழுதி வைத்திருப்போமா?

வியப்பு இத்துடன் நின்றுவிடுகிறது. ஆனால் அத்தேசவழமையிலே அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. மனிதரை உடைமையாகக் கொண்டு, எவர் பிள்ளை எவருக்குச் சேரும் என்று வகுத்த விதிகள் அவை. இலங்கையில் அடிமை முறை சட்டத்தால் முற்றாக ஒழிந்தது 1844-இல். தொகுப்பைச் சரியென ஏற்ற பன்னிருவரும் முதலிமார். அவர்களுடைய வயலில் உழுதவர்களின் வழமை என்ன, விருப்பம் என்ன என்று கேட்ட ஏடு ஒன்றும் நம் கையில் இல்லை. ஆகவே "எங்கள் முன்னோர் வழமை" என்று நாம் சொல்லும்போது, அந்த "எங்கள்" என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் அடங்குவர் என்பது கேட்கத்தக்க கேள்வி.

இக்கேள்வி பழங்கதை என்று தள்ளுவோருக்கு 1968-ஐ நினைவூட்டுகின்றோம். செல்லப்பா சுந்தரலிங்கம் ஒக்ஸ்போர்டிலே கற்ற மேதை; பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர்; சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையில் வர்த்தக மந்திரி. தனித் தமிழ் ஈழம் என்ற சொல்லைத் துணிந்து முன்வைத்தவர்களுள் முதல்வர் என்று இன்று பலர் வியந்து பேசுவது அவரையே. அதே சுந்தரலிங்கம் 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில், தாழ்த்தப்பட்ட சைவத் தமிழர் உள்ளே நுழையாதபடி தடுத்து நின்றார். 1957-ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அவர் மேல் வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தமிழருக்குத் தனிநாடு கேட்ட ஒருவர், தமிழருக்குத் தமிழர் கோயிலின் கதவை அடைத்தார்! இவ்விரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால், கோயில் வாசலில் தடுக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் அந்த ஈழக் கதையைத் தங்கள் கதையாக ஒருநாளும் ஏற்கமாட்டார்கள்.

இறுதியாக, நம் தொழிலைச் சார்ந்த கதை ஒன்று. "நீதிமன்றமும் தமிழனைக் கைவிட்டது, கோடீஸ்வரன் வழக்கைப் பாருங்கள்" என்று பலர் பேசக் கேட்கின்றோம். நடந்தது வேறு. அரசாங்க எழுதுவினைஞரான கோடீஸ்வரன் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962-இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் சட்டமா அதிபர் மீது வழக்குத் தொடுத்தார். எந்த ஒரு சமூகத்துக்கும் பாதகமாகச் சட்டம் இயற்றலாகாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு விதித்திருந்தது. அதன்படி தனிச் சிங்களச் சட்டம் செல்லாது என்று 1964-இல் தீர்ப்பளித்தவர் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர். அவர் தமிழரும் அல்லர், சிங்களவரும் அல்லர், பறங்கியர். 1967-இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனினும், மொழிச் சட்டம் செல்லும் என்று அது கூறவில்லை. அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்கிட முடியாது என்ற காரணத்தையே கூறியது. 1969 டிசம்பரில் பிரிவிக் கவுன்சில் அக்காரணத்தையும் தள்ளியது. ஊழியன் வழக்கிடலாம் என்று கூறி, அரசியலமைப்புக் கேள்வியைத் தீர்மானிக்கும்படி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

அதன்பின் என்ன நடந்தது? 1971-இல் பிரிவிக் கவுன்சிலுக்குச் செல்லும் மேன்முறையீட்டு வழி அடைக்கப்பட்டது. 1972 மே 22-இல் வந்த குடியரசு அரசியலமைப்பில் 29-ஆம் பிரிவே இல்லை. சிங்களம் அரச கரும மொழி என்பது அரசியலமைப்பிலேயே பொறிக்கப்பட்டது. அவ்வமைப்பை ஆக்கும் பொறுப்பை ஏற்ற மந்திரி கொல்வின் ஆர். டி சில்வா. ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று 1956-இல் எச்சரித்த அதே கொல்வின்! நீதிமன்றம் கேள்விக்கு விடை சொல்லுமுன், கேள்வியின் வேரையே பிடுங்கி எறிந்தது அரசியல்.

இந்த முழுக் கதை, மேடையில் உலவும் அரைக் கதையிலும் எத்துணை வலியது என்று பாருங்கள்! "நீதிமன்றம் கைவிட்டது" என்றால், "நீங்கள் சட்டத்தில் தோற்றவர்கள்" என்று எதிர்த்தரப்பு கூறும். முழுக் கதையோ, இக்கேள்வியை நேரே ஆராய்ந்த ஒரே நீதிபதி தமிழர் பக்கமே தீர்த்தார் என்றும், அத்தீர்ப்பின் சாரத்தை எந்த மேல் நீதிமன்றமும் மறுக்கவில்லை என்றும், விடை வருமுன் அரசே கேள்வியை அழித்தது என்றும் சாட்சி கூறும். உண்மை முழுமையாய் நின்றபோது நம் வழக்கு வலுப்பெற்றதேயன்றி மெலியவில்லை.

ஆம், முழு உண்மை சில இடங்களில் நம் முகத்தைச் சுளிக்கச் செய்யும். முஸ்லிமின் எரிந்த கடையும், முதலியின் அடிமையும், மாவிட்டபுரத்து வாசலும் இனிப்பானவை அல்ல. ஆனால் அவற்றை நாம் மறைப்பதால் அவை மறைந்துவிடா. அவற்றைப் பட்டவரின் வீடுகளிலே அவை இன்றும் சொல்லப்படுகின்றன. நம் மேடையில் ஒரு கதையும் அவர் திண்ணையில் வேறு கதையும் வழங்குமட்டும், ஓரினம் என்ற பேச்சு வெறும் பேச்சே.

சான்று கெட்டுப்போவதற்கு நாம் கண்முன்னே கண்ட உதாரணமும் உண்டு. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. மீண்டும் பெற முடியாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. கட்டடத்தை மீளக் கட்டினோம். ஏட்டை மீள எழுத முடியாது. பகைவன் எரித்த பாதியை நாம் தடுக்க முடியவில்லை. எஞ்சிய பாதியை நம்மவரே சொல்லாமல் விடுவது தகுமா?

ஆதலால் ஒவ்வொரு வாசிகசாலையையும் சனசமூக நிலையத்தையும் ஒன்று வேண்டுகின்றோம். அடுத்த முறை ஒருவர் வியப்பான கதை ஒன்றைத் தொடங்கும்போது அவரைத் தடுக்க வேண்டாம், சுவைத்துக் கேளுங்கள். கேட்டு முடித்தபின் மூன்று கேள்விகளைப் போடுங்கள்: இதற்கு எழுத்துச் சான்று எங்கே? இதன்பின் என்ன நடந்தது? இக்கதையில் பேச வாய்ப்புப் பெறாதவர் யார்? விடைகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஊரிலுள்ள மூதாட்டிகளையும் தொழிலாளரையும் அழைத்து அவர்கள் கேட்டறிந்ததையும் எழுதுங்கள். ஒல்லாந்தன் வந்து கேட்கும்வரை காத்திருந்த காலம் போதும். நம் கதையை நாமே கேட்டு, நாமே எழுதி, முழுமையாக எழுதுவோமாக. அத்தகைய சான்றை எந்தக் குறுக்கு விசாரணையும் அசைக்க மாட்டாது.